மந்தாகினி டாக்கில் நின்ற வருஷம்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்க அக்கா. இவளை அந்தப் பக்கம் வைத்தால் கையை வெளியே நீட்டிக்கொண்டே வருவாள். ஏட்டி, அக்கா சேலையை விடு. வாயில் வைக்காதே. கோபப்படாதீங்க அக்கா, பல் முளைக்குது, கண்டதையும் கடிக்கிறாள்.

நீங்களும் தூத்துக்குடிதானா? நல்லதாப் போச்சு. நான் மூணாம் மைலில் இறங்கணும். தூங்கிவிட்டேன் என்றால் கொஞ்சம் எழுப்பிவிடுங்க. தூங்க மாட்டேன், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

நான் இப்படி முன்பின் தெரியாதவங்ககிட்டப் பேசுகிறவளே கிடையாது. கடையில் தக்காளி என்ன விலை என்று கேட்கவே எனக்குக் கூச்சம். பக்கத்தில் யாராவது கேட்கும் வரைக்கும் நின்று, அவங்களுக்குச் சொன்ன விலையைக் காதில் வாங்கிக்கொண்டு காசைக் கொடுப்பேன். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. அப்படிப்பட்டவள் இன்றைக்குப் பாளையங்கோட்டைக்குத் தனியாகப் போய், யார் வீட்டுக் கதவையோ தட்டி, உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன்.

எல்லாம் அந்த டீச்சரால்தான். இல்லை, கப்பலால்தான். கப்பலில் இருந்தே சொல்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் பேர் ஆதிலிங்கம். மூணாம் மைலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. அவருக்குச் சின்ன வயசில் இருந்தே கப்பற்படையில் சேரணும் என்று ஆசை. ஆள் எடுக்கிற இடத்தில் நெஞ்சு அளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, போச்சு என்று விட வேண்டியதுதானே? விடவில்லை. இவரைச் சேர்க்காத கப்பல்களுக்கெல்லாம் இவர் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார். எந்த வருஷம் கடலில் இறக்கினார்கள், எந்தத் துறைமுகத்தில் நின்றது, எந்தப் புயலில் யாரைத் தூக்கிக் காப்பாற்றினது, எப்போது ரிப்பேர், கடைசியில் எங்கே கொண்டுபோய் உடைத்தார்கள், எல்லாம். ஃபேஸ்புக்கில் தமிழில் எழுதுகிறார். ஓய்வுபெற்ற கப்பற்படை ஆட்கள் எங்கெங்கிருந்தோ போன் போட்டு ஐயா, தம்பி என்று பேசுவார்கள். காசு பைசா கிடையாது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க காத்துக்கிடப்பாங்க.

அதுகூடப் பரவாயில்லை. கப்பலை 'அவள்' என்றுதான் சொல்லணுமாம். கப்பற்படையில் அதுதான் வழக்கமாம். "அவ அப்ப விசாகப்பட்டினத்துல இருந்தா. வயசாயிட்டு, ஆனாலும் வேகம் குறையல" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. எதிரில் உட்கார்ந்து பரிமாறுகிறவளுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. மந்தாகினி என்று ஒரு கப்பல். அவளைக் கடலில் இறக்கின தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்க கல்யாண நாளன்றைக்கு நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றேன். "யார் வீட்டு விசேஷத்துக்குப் போற?" என்று கேட்டார்.

சரி, இரும்புதானே, அதோடு என்ன போட்டி என்று மனசைத் தேற்றிவைத்திருந்தேன். அப்போதுதான் ஜாய்ஸ் டீச்சர் வந்தாங்க.

கஞ்சி போட்ட காட்டன் சேலை. கையில் ஒரு வாட்ச். கழுத்தில் ஒன்றும் கிடையாது. அழகா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தெருவில் போனால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நம்மைத்தான் பொல்லாதவள் என்பார்கள்.

அவங்க அப்பா ஜேசுராஜன் என்று, அந்த மந்தாகினியில் சமையல்காரராக இருந்தவர். இப்போது இல்லை, செத்துப்போய்விட்டார். அம்மா இருக்காங்க, படுத்த படுக்கை. அந்தம்மாவுக்கு மனசில் ஒரே ஒரு குறை. எண்பத்தெட்டில் இந்த டீச்சர் பிறந்தப்போ புருஷன் வரவே இல்லையாம். பிள்ளை நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் வந்து பார்த்தாராம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, கப்பல் கடலில் இருந்தது, லீவு கிடைக்கவில்லை என்றாராம். அவ்வளவுதான், வாய் திறக்காத மனுஷன். "உன்னப் பெத்தப்ப உங்கப்பா எங்க இருந்தாரோ" என்று அந்தம்மா இன்றைக்கும் கேட்டுக்கொண்டே கிடக்காங்களாம். அதனால் அந்த ஒரு வருஷம் மந்தாகினி எந்தெந்தக் கடலில் இருந்தாள் என்று தெரிந்தால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று டீச்சருக்கு ஆசை.

நியாயமான ஆசைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தினம் சாயங்காலம் வரணுமா?

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் சொல்ல, டீச்சர் சிரிக்க. கப்பலில் சிரிக்க என்ன இருக்கு? நான் டீ கொண்டுபோய் வைப்பேன். அப்புறம் டீ ஆறிப்போச்சா என்று பார்க்கப் போவேன். அப்புறம் டம்ளரை எடுக்கப் போவேன். நான் உள்ளே போனாலே டீச்சர் எழுந்து நிற்பாங்க. "பிரம்மா, நீயும் வந்து உக்காரேன். கப்பல் படம் பாக்கலாம்" என்பாங்க. என் பேர் பிரம்மசக்தி. வீட்டில்கூட யாரும் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை.

"எனக்கு அதெல்லாம் விளங்காது டீச்சர்."

"எனக்கு மட்டும் விளங்குதாக்கும்? உங்க வீட்டுக்காரர் பேசுறதுல பாதிக்கு நான் சும்மா தலையாட்டுறேன்."

எவ்வளவு நடிப்பு பாருங்க. காலேஜ் படிச்சவங்களுக்கு விளங்காதாம்.

இவளுக்குக் கவுன் தைத்துக் கொண்டுவந்தாங்க. இதோ போட்டிருக்காளே, இதுதான். பிள்ளையைக் கைக்குள் போட்டுக்கொண்டால் அப்பனைப் போடுவது சுலபம் இல்லையா? தையல் நல்லாத்தான் இருக்கு. அதைச் சொல்லணும். உள்பக்கம்கூடப் பிசிறு இல்லை.

ஒரு நாள் அவரை மடக்கிவிடலாம் என்று கேட்டேன். "இன்னைக்கு டீச்சர் கட்டிட்டு வந்த சேலை என்ன கலர்?"

அவர் யோசித்தார். "சேலையா கட்டியிருந்தாங்க?" என்றார்.

பார்த்தீங்களா அக்கா, எவ்வளவு கவனமா மறைக்கிறார்.

போன வாரம் ஒரு போன் வந்தது. கொச்சியில் இருந்து ஒரு நாயர். அவரும் மந்தாகினியில் இருந்தவராம். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நின்றேன். எண்பத்தெட்டில் கப்பல் எங்கே இருந்தது என்று இவர் கேட்டதும் அந்த நாயர், "எங்கயும் போகலை. அந்த வருஷம் முழுக்க அவள் பம்பாயில டாக்கில அல்லே கிடந்தது" என்றார்.

டாக் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இவர் முன்னே சொல்லியிருக்கிறார். கப்பலை ஒரு பெரிய தொட்டி மாதிரி இடத்துக்குள் விட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டி, துருவை எடுத்து, தகடு மாற்றி, மாசக்கணக்கில் வேலை நடக்கும். அவ்வளவு நாளும் கப்பல் ஒரு அடி நகராது.

போனை வைத்தார்கள். அப்புறம் இவர், "நாயருக்கு வருஷம் மாறியிருக்கும் டீச்சர், வயசான மனுஷன்" என்றார். டீச்சர், "கடல்ல இருந்தேன்னுதான் அப்பா சொன்னாங்க" என்றாங்க. அதையே திரும்பவும் சொன்னாங்க.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கப்பல் நகரவில்லை. ஆள் வீட்டுக்கு வரவில்லை. அப்போ ஆள் எங்கே? பம்பாய் மாதிரி ஊரில், ஓடாத கப்பலை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஒரு ஆம்பிளை என்ன செய்வான்? இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டுமா? அப்பன் அப்படி, மகள் இப்படி என்று நினைத்தேன். மனசுக்குள் மத்தாப்பூ கொளுத்தின மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

டீச்சர் முகம் கழுவ அடுப்படிக்கு வந்தாங்க. "பிரம்மா, அம்மாகிட்ட இத எப்படிச் சொல்ல?" என்று கேட்டாங்க. நான் குழம்பைக் கிண்டினேன். அவங்க இவளைத் தூக்கி, இவள் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாங்க. கிச்சுக்கிச்சு மூட்டுகிறாங்க என்று நினைத்து இவள் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறாள். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனால் பாருங்க, ஊரில் அழுவதற்கு வேறு இடமே இல்லையா? எங்க வீட்டு அடுப்படிதானா கிடைத்தது?

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே! எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் சொன்னதை எழுத மாட்டார். அந்தக் கப்பலில் இருந்த இரண்டு பேர், ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளாமல், தனித்தனியாகச் சொல்லணும். அப்போதுதான் எழுதுவார். விசாரித்ததில் பாளையங்கோட்டையில் சங்கரபாண்டியன் என்று ஒருத்தர், மந்தாகினியில் இஞ்சின் ரூமில் இருந்தவர் என்று தெரிந்தது. அவருக்குக் காது மந்தம், போனில் பேசினால் கேட்காதாம். நேரில்தான் போகணும்.

"சனிக்கிழமை போயிட்டு வந்துருதோம்" என்றார்.

"வந்துருதோம்னா?"

"நானும் டீச்சரும்."

"பஸ்ஸிலயா?"

"பின்ன, கப்பல்லயா?"

"நானும் வாறேன்."

"இந்த வெயில்ல பிள்ளையத் தூக்கிட்டு நீ எதுக்குளா?"

அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். ஆனால் கண்ணை மூடினால் பஸ்தான் தெரிந்தது. இரண்டு பேர் சீட். ஜன்னல் ஓரம் காட்டன் சேலை. காற்றில் முந்தானை பறக்குது, இவர் மேல் படுது. வல்லநாட்டில் பஸ் நிற்குது, இவர் இறங்கி நுங்கு வாங்கிக் கொடுக்கிறார். எனக்கு இதுவரை வாங்கிக் கொடுத்ததில்லை அக்கா, நுங்கு.

அதனால்தான் இன்றைக்கு, வெள்ளிக்கிழமையே, நான் முந்திக்கொண்டேன். வல்லநாட்டில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, இவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வல்லநாட்டில் இறங்காமல் நேரே பாளையங்கோட்டை. கப்பல் டாக்கில்தான் நின்றது என்று அந்த ஐயா வாயால் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது. இரண்டு பேர் சொல்லியாச்சு, எழுதுங்க, டீச்சர் வர வேண்டாம். இதுதான் என் எண்ணம்.

மார்க்கெட் பக்கம் நேவிக்காரர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள் என்று போனில் பேசியது காதில் விழுந்திருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒரு பூக்கார அம்மா முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். "பூ வேணுமா, வழி வேணுமா?" என்று அவங்களே கேட்டுவிட்டாங்க.

கதவைத் திறந்தது அந்த ஐயா சம்சாரம், கோமதி அம்மா. "அவுக சாப்பிட்டுட்டுக் கண்ணசந்திருக்காவ. உக்காரு தாயி, பிள்ளை முகமெல்லாம் வெயில்" என்று மோர் கொடுத்தாங்க. சின்ன உள்ளி உரித்துக்கொண்டு இருந்தாங்க. நானும் இரண்டு எடுத்து உரித்தேன். கையில் வேலை இருந்தால் எனக்குப் பேச்சு வந்துவிடும். உங்ககிட்டச் சொன்ன மாதிரி எல்லாத்தையும் சொன்னேன். காட்டன் சேலை, கவுன், நுங்கு எல்லாம். அந்தம்மா 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டாங்க. "உங்க வீட்டுக்காரரு எழுதத்தான் செய்யுதாரு. எங்க வீட்டுல இருக்கவுக கப்பல்லயே குடியிருந்துட்டு வந்தவுக. வாயத் திறந்தா கப்பல்தான். நானும் ஒரு காலத்துல உன்ன மாதிரித்தான் வெந்தேன்" என்று சிரித்தாங்க.

டாக் சமாச்சாரம் வந்தப்போதான் அவங்க கை நின்றது.

"எந்த வருஷம்னு சொன்ன?"

"எண்பத்தெட்டு."

"முழு வருஷமுமா?"

"முழு வருஷமும்தான் அம்மா. நாயர் சத்தியம் பண்ணாத குறை."

"மந்தாகினிதானா?"

"மந்தாகினிதான்."

அவங்க உள்ளித் தட்டைத் தள்ளி வைத்தாங்க. "அந்த வருஷந்தான் எங்க அப்பா தவறினாவ. தந்தி அடிச்சோம். கப்பல் நடுக்கடல்ல நிக்கி, வர வழியில்லன்னு எழுதினாரு. மாப்பிள்ளை எங்க, மாப்பிள்ளை எங்கன்னு ஊரே கேட்டுச்சு. கடல்ல இருக்காவ, கடல்ல இருக்காவன்னு ஒவ்வொருத்தருக்கா பதில் சொன்னவ நான்."

நான் என்ன செய்ய அக்கா? கடலில்தான் இருந்திருப்பார் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நடந்ததை மாற்றிச் சொல்லக் கூடாதில்லையா? "டாக்கில் நின்னா ஒரு அடி நகராதாம் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தம்மா விருட்டென்று எழுந்து உள்ளே போய், "எந்திரிங்க. எந்திரிங்கங்கேன்" என்று உலுக்கினாங்க. பனியனும் கைலியுமாக அந்த ஐயா வந்தார். பெரிய மீசை, குழந்தை மாதிரி சிரிப்பு. இவளைப் பார்த்ததும், "அட, யாரு இந்த அட்மிரல்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். கோமதி அம்மா அவர் காதுகிட்டக் குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எண்பத்தெட்டுல மந்தாகினி எங்க நின்னுச்சு?" என்றாங்க.

"பம்பாயில டாக்குல கிடந்தா. பாவம், எலும்பு எலும்பாக் கழட்டிப் போட்டிருந்தாங்க."

"அப்ப நீங்க எங்க கிடந்தீங்க?"

"நானா?"

"நீங்கதான்."

"இது என்னளா கேள்வி? கப்பலுக்கு ரிப்பேர்னா ஆளையுமா முட்டுக்கொடுத்து நிறுத்துவாங்க? காவலுக்குக் கொஞ்சப் பேர வச்சுட்டு மத்தவங்கள எந்தக் கப்பல்ல ஆள் பத்தலையோ அதுல ஏத்தி அனுப்பிட்டாங்க. பேருக்கு மந்தாகினி ஆளு, இருந்தது வேற கப்பல். நான், சமையக்கார ஜேசுராஜன், எல்லாரும் ஒண்ணாத்தான் போனோம். அந்தமானுக்கும் அந்தப் பக்கம்." அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஜேசுராஜனுக்குப் பொம்பளப்பிள்ளை பிறந்த சேதி அங்கதான் வந்துச்சு தாயி. அன்னைக்குக் கப்பல்ல எல்லாருக்கும் பாயாசம். மனுஷன் அகப்பையில மோந்து மோந்து ஊத்துதாரு, கண்ணுல தண்ணி கொட்டுது. அடுப்புப் புகைன்னு சொன்னாரு. கப்பல்ல ஏது புகை?"

நான் இவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கோமதி அம்மா விடவில்லை. "வேற கப்பல்ல போனத இத்தன வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. எல்லாம் கப்பல்தானே."

"அந்தக் கப்பலுக்குப் பேரு இருக்குமுல்லா? சொல்லுங்க."

"பேரு... பேரு வந்து..." என்று மீசையைத் தடவினார்.

"என் அப்பன் சாவுக்கு வராம நீங்க உக்காந்திருந்த கப்பலோட பேரு மறந்துபோச்சோ?"

"யோசிக்க விடுளா. மொதல்ல அந்தக் காப்பியக் கொண்டா."

"பேரச் சொல்லுங்க, பெறகு காப்பி."

எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது. இவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். கடைசியில் அவருக்கு நினைவு வந்தது. சொன்னார். அந்தம்மா என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க. என் நம்பரை வாங்கிக்கொண்டு அவங்க நம்பரையும் கொடுத்தாங்க. கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தேடிப் பாரு தாயி. அந்தக் கப்பலாவது அந்த வருஷம் தண்ணியில நின்னுச்சான்னு பாத்து எனக்கு ஒரு போன் போடு. உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லாத. ஆம்பிளைங்க ஆம்பிளைங்களுக்குத்தான் பேசுவாங்க" என்றாங்க.

பாவம், நல்ல அம்மா. நான் போனதால் அவங்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்ததே என்று நினைத்தால் நிம்மதியா இருக்கு.

என் பாடுதான் இப்போ திண்டாட்டம். டாக்கில் நின்றது நிஜம் என்று இரண்டாவது ஆளும் சொல்லியாச்சு. அதை மட்டும் போய்ச் சொன்னால் இன்றைக்கே முடிந்துபோகும். டீச்சர் அந்த முகத்தோடு இனி எங்க வாசல் ஏற மாட்டாங்க. ஆனால் பாயாசம் இருக்கே. அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அங்கே ஒருத்தி படுக்கையில் கிடந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருக்காளே. நானும் ஒன்றைப் பெற்று வைத்திருக்கேனே. பாயாசத்தைச் சொன்னால் வேற கப்பலைச் சொல்லணும். வேற கப்பலைச் சொன்னால் மறுபடியும் முதலில் இருந்து தேடுவார்கள். மறுபடியும் சாயங்காலம், மறுபடியும் டீ.

யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். உங்ககிட்டச் சொல்லச் சொல்லத்தான் ஒரு முடிவு வந்தது. பாயாசத்தை நான்தான் சொல்வேன். இவரிடம் சொல்ல மாட்டேன். இவர் போய்ச் சொன்னால் டீச்சர் இவரைப் பார்த்துல்ல அழுவாங்க? இன்றைக்கே நேரே அவங்க வீட்டுக்கு நான் போகிறேன். அப்புறம் நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போக அவங்களுக்கு என்ன வேலை? டீச்சரோட அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அகப்பை, கண்ணீர், அடுப்புப் புகை எல்லாம் ஒன்று விடாமல் நானே சொல்கிறேன். என்னைப் பார்த்து அழட்டும். நான் துடைத்துவிடுகிறேன்.

வேற கப்பல் பேரைத்தான் கொடுக்க மாட்டேன். டீச்சருக்கும் கிடையாது, நாயருக்கும் கிடையாது. உலகத்தில் இப்போ அந்தப் பேர் தெரிந்தது அந்த ஐயாவுக்கும் கோமதி அம்மாவுக்கும் எனக்கும்தான். அந்த ஐயாவுக்குக் காதும் கேட்காது.

என்ன பேரா? தப்பா நினைக்காதீங்க அக்கா, உங்ககிட்டக்கூடச் சொல்ல மாட்டேன். அதை எங்க வீட்டுக்காரர்தான் முதலில் கேட்கணும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்கணும். ஒரு தடவை கேட்டால் சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.